புது இரும்பில் அடித்த பெயிண்ட் அப்பளம் மாதிரி உரிகிறது, எங்கே தப்பு?

செங்கல்_407:
வணக்கம். என்னிடம் ஒரு பழைய டாடா 407 இருக்கிறது, செங்கல் லோடு ஓடுகிறது. கார்த்திகையில் பின் பம்பர், சைடு கார்டு, பேட்டரி பாக்ஸ், டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் பட்டறையில் புதிதாகச் செய்து வாங்கினேன். பெயிண்டர் சொன்ன கூலி கட்டுப்படியாகவில்லை, அதனால் பிரஷும் ரோலரும் வாங்கி நானே அடித்தேன். டீசல் போட்டு நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு கோட் ரெட் ஆக்சைடு பிரைமர் (அடிப்பூச்சு), மறுநாள் ரெண்டு கோட் எனாமல். மார்கழி மாதம், காலை 6 மணிக்கு ஆரம்பித்து லோடுக்குப் போவதற்குள் முடித்துவிடுவேன். அடித்த புதிதில் ஷோரூம் வண்டி மாதிரி இருந்தது. இன்னும் மாசி கூட முடியவில்லை, பம்பரில் கல் பட்ட இடத்தை நகத்தால் நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வருகிறது. டூல் பாக்ஸ் மூடி அதைவிட மோசம். இதில் ஆச்சரியம் என்னவென்றால் அடியில் துருவே இல்லை. அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தால் நிற்குமா, இல்லை முழுவதும் சுரண்ட வேண்டுமா?

நைட்_டிரிப்:
மலிவு பெயிண்ட் வாங்கியிருப்பீர்கள். பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் வாங்கி ஸ்பிரே அடியுங்கள், பத்து வருஷம் அசையாது.

பழைய_இரும்பு:
அதற்குள் பியூவுக்குப் போக வேண்டாம். பிடிப்பில்லாத இடத்தில் எந்த விலைக்கு வாங்கி அடித்தாலும் கழன்றுதான் வரும். செங்கல் அண்ணா, உரிந்த துண்டைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். என்ன நிறம்? பம்பர் துண்டு, டூல் பாக்ஸ் துண்டு இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

செங்கல்_407:
இப்போதுதான் பார்த்தேன். பம்பர் துண்டின் முதுகில் கருநீலமாக மெல்லிய தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, வளைத்தால் கண்ணாடி மாதிரி நொறுங்குகிறது. டூல் பாக்ஸ் மூடியில் அப்படி இல்லை, முதுகு வெறும் ரெட் ஆக்சைடு நிறம்தான், லேசாகப் பிசுபிசுப்பு. அடியில் தகடு வெள்ளையாக, பூப்பூவாகத் தெரிகிறது.

பழைய_இரும்பு:
சரி, இது இரண்டு வேறு வேறு வியாதி.

பம்பரில் இருப்பது மில் ஸ்கேல். ஆங்கிள், சேனல், தகடு எல்லாம் ஆலையில் சூடாக உருட்டும்போது மேலே படியும் ஆக்சைடு தோல் அது. புது இரும்பு நீலமாக வழுவழுப்பாகத் தெரிவதற்குக் காரணமே அதுதான், நாம் அதைச் சுத்தமான இரும்பு என்று நினைத்து அப்படியே அடித்துவிடுகிறோம். உங்கள் பெயிண்ட் அந்தத் தோலைக் கெட்டியாகத்தான் பிடித்திருக்கிறது, தோல்தான் இரும்பை விட்டுவிட்டது. வண்டி அதிர, வெயிலில் விரிந்து சுருங்க, கல் பட, அது கிளம்பிவிடும். கிரைண்டரில் கம்பி கப் பிரஷ் போட்டால் போகாது, இன்னும் பாலிஷ்தான் ஏறும். கிரைண்டரில் 60 அல்லது 80 நம்பர் ஃப்ளாப் டிஸ்க் போட்டு வெள்ளி நிறம் வரும் வரை தேயுங்கள்.

முழுவதும் போய்விட்டதா என்று சந்தேகம் இருந்தால் உரக்கடையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்குங்கள். பழைய பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றில் தண்ணீர் எடுத்து ஒரு ஸ்பூன் கரைத்து, துணியில் தொட்டுத் தடவினால் வெறும் இரும்பு உடனே செம்பு நிறமாகிவிடும், மில் ஸ்கேல் மீந்த இடம் கருப்பாகவே நிற்கும். பார்த்த பிறகு அந்தச் செம்பையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும், விட்டால் அங்கேயே துரு பிடிக்கும். விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

டூல் பாக்ஸ் மூடி ஜி.ஐ. ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய தகடு, பட்டறையில் மீதியிருந்ததைப் போட்டிருப்பார்கள். ரெட் ஆக்சைடு, எனாமல் இரண்டும் எண்ணெய் வகை. துத்தநாகத்தோடு அது சேர்ந்தால் அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி விட்டுவிடும், அந்தப் பிசுபிசுப்பு அதுதான். அதை முழுவதும் எடுத்துவிட்டு, ஜி.ஐ.க்கு ஆகும் என்று டப்பாவில் போட்ட எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ அடியுங்கள். பூத் தெரிகிற தகட்டை ஃப்ளாப் டிஸ்கால் தேய்க்காதீர்கள், துத்தநாகம் போய்விடும். எமரி பேப்பரில் லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும்.

பாடிகட்டும்_திருச்செங்கோடு:
மேலே அண்ணன் சொன்னது சரி. டீசலைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதுவும் ஒரு காரணம்! டீசல் காய்ந்தாலும் எண்ணெய்ப் பசை நிற்கும். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை இங்கிருந்து அங்கே நகர்த்துகிற வேலைதான். பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது, ஒரே பரப்பாகப் படிந்தால் சுத்தம். அந்தத் தண்ணீரைத் துடைத்துக் காயவிட்டு அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், தேய்த்த இரும்பை இரவு பனியில் போட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

மார்கழிக் காலை 6 மணி என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தம்பி. அந்த நேரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும். ஈரத்துணியால் ஒரு இடத்தைத் துடைத்துப் பாருங்கள், கால் மணி நேரத்தில் காயவில்லை என்றால் பிரஷைத் தொடாதீர்கள். அதற்காக உச்சி வெயிலிலும் வேண்டாம், தகடு சுட்டால் பிரஷ் இழுக்காது, கோடு கோடாக நின்றுவிடும்.

அடிக்கும் முறை: முதல் கோட் பிரஷ்தான், வெல்டிங் மூட்டு, போல்ட் ஓட்டை, மூலைகளில் குத்திக் குத்தி ஏற்றுங்கள். கூர்மையான விளிம்பில் பெயிண்ட் தானாக விலகி மெலிந்துவிடும், அதனால் விளிம்பை டிஸ்கால் கொஞ்சம் மழுக்கி, அங்கே மட்டும் கூடுதலாக ஒரு கோட் கொடுங்கள். ரோலர் அகலமான பரப்புக்கு மட்டும், குட்டை முடியுள்ள 4 இஞ்ச் போதும். ஃபோம் பஞ்சு ரோலர் எபாக்ஸி தின்னரில் கரைந்து கையோடு வந்துவிடும்.

செங்கல்_407:
எல்லாவற்றுக்கும் எபாக்ஸி வேண்டுமா? பட்ஜெட் இடிக்கிறது.

பழைய_இரும்பு:
வேண்டாம். பம்பர், சைடு கார்டு எப்படியும் உரசிக்கொண்டேதான் இருக்கும், சுத்தமாகத் தேய்த்த இரும்பில் ரெட் ஆக்சைடும் எனாமலும் போதும், உரசின இடத்தில் அவ்வப்போது தொட்டுவிடலாம். ஆசிட் சொட்டுகிற பேட்டரி பாக்ஸுக்கும் அந்த ஜி.ஐ. மூடிக்கும் மட்டும் எபாக்ஸி. எபாக்ஸி இரண்டு டப்பாவாக வரும், இரண்டையும் அதில் போட்ட அளவுப்படி கலக்குங்கள், கண் மதிப்பில் ஊற்றினால் காயவே காயாது. தேவைக்கு மட்டும் கலக்குங்கள், மீந்தது டப்பாவிலேயே கல்லாகிவிடும். வெயிலில் எபாக்ஸி மாவு பூக்கும், மேலே ஒரு கோட் வேறு பெயிண்ட் கட்டாயம். அடுத்த கோட் அடிக்க டப்பாவில் சொன்ன கெடு தாண்டிவிட்டால் மேல் கோட்டுக்கு முன்னால் எமரி போட்டுக்கொள்ளுங்கள்.

செங்கல்_407:
பங்குனி அப்டேட். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நாலு ஃப்ளாப் டிஸ்கும் போயின. துத்தத் தண்ணீர் தடவியதும் பம்பர் செம்புக் குடம் மாதிரி ஆனதைப் பார்த்துப் பையன் இன்னும் தடவச் சொன்னான், நடுவில் இரண்டு இடம் கருப்பாக நின்றது, மறுபடி தேய்த்தேன். பிரைமரை 9 மணிக்கு மேல்தான் தொட்டேன். நேற்று ஒரு நடை போய் வந்து பம்பரை நகத்தால் நெம்பிப் பார்த்தேன், நகம்தான் உடைந்தது. சைடு கார்டில் ஒரு போல்ட் ஓட்டைக்குள் பிரஷ் விட மறந்திருக்கிறேன், அங்கிருந்து மட்டும் பழுப்பாக ஒரு கோடு வழிகிறது. இந்த ஞாயிறு போல்ட்டைக் கழற்ற வேண்டும்.