ஆயுள் முழுக்க யானைக்கே போட்டது சரியா?

கொழுந்துக்கூடை:
எனக்கு 62 வயது, ஊர் இலங்கை மலையகத்தில் தலவாக்கலை. 1994, 1999, 2005 ஜனாதிபதித் தேர்தல்களில் யூ.என்.பி.யின் யானைச் சின்னத்துக்குத்தான் புள்ளடி. 2010இல் வாக்குச்சீட்டில் 22 பேர், யானையைக் காணோம். கட்சி பொது வேட்பாளரின் அன்னத்துக்குப் போடச் சொன்னது தெரிந்தும், பென்சிலைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடினேன். அப்புறம் அன்னத்துக்குப் போட்டேன். 2015, 2019 இரண்டிலும் அன்னம்தான். 2024இல் எங்கள் கட்சித் தலைவர் ரணில் கேஸ் சிலிண்டரில் நின்றார், அதற்கும் போட்டேன். "இதில் எத்தனை தடவை யோசித்துப் போட்டீர்கள்?" என்று மகள் கேட்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மலைச்சாரல்:
மகள் கேட்டது நியாயம், ஐயா. 1948இல் மலையக மக்களின், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களின், பிரஜாவுரிமையைப் பறித்தது டி.எஸ். சேனாநாயக்க அரசு. அதுவும் யூ.என்.பி.தானே? பிடுங்கியதை 40 வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு என்ன நன்றிக்கடன்?

கொழுந்துக்கூடை:
அது தெரியாமலா போடுகிறேன், தம்பி? ஆனால் எதிர்ப்பக்கம் இருந்தது சுதந்திரக் கட்சியின் கைச் சின்னம். 1964இல் அந்தக் கட்சியின் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். சித்தப்பா தலைமன்னாரில் கப்பல் ஏறினார், அதோடு சரி. 1974 பஞ்சத்தில் எங்கள் லய வீடுகளில் சாவு விழாத மாதமில்லை. அப்பா 1986இல் நாடற்றவராகவே கண்ணை மூடினார். அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத் துண்டு மடித்த இடமெல்லாம் கிழிந்து, இன்னும் பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. 1988 சட்டத்தில்தான் எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. எங்கள் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் ஐயா அந்த யூ.என்.பி. அரசுக்குள் இருந்து வாங்கித் தந்தது அது.

வடமராட்சியான்:
அண்ணை, உங்கட நியாயம் விளங்குது. ஆனால் 1981இல் யாழ் நூலகம் எரிந்ததும், 1983 ஜூலைக் கலவரமும் அதே யானை ஆட்சியில்தான். எங்கட பக்கம் யாருக்கும் அந்தச் சின்னத்தில் பற்று வராது. 2005 தேர்தலில் புலிகளின் பகிஷ்கரிப்பு. யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.2 வீதம் மட்டும். நானும் வீட்டில்தான் இருந்தேன். ரணில் தோற்றது சுமார் 1,80,000 வாக்கால். அதுக்குப் பிறகு போரில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் நித்திரை வராது. 2024இல் சங்குக்குப் போட்டேன், அரியநேத்திரனுக்கு. வெல்ல மாட்டார் என்று தெரிந்தே போட்டது.

மலைச்சாரல்:
சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை எழுதலாம். இரண்டு பேருமே 1 மட்டும் போட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2024இல் முதல் எண்ணிக்கையில் அநுரவுக்கு 42.31 வீதம், சஜித்துக்கு 32.76. யாருக்கும் பாதி இல்லை. அதனால் நம் வரலாற்றிலேயே முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணினார்கள். மற்றவர்களுக்குப் போட்ட சீட்டுகளில் அந்த இருவருக்கு விருப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். உங்கள் சீட்டில் இருந்திருக்காது. கட்சிக்குக் கட்டுப்பட்டு நின்றதில், யார் ஜனாதிபதி என்று முடிவான அந்தக் கட்டத்தில் உங்கள் குரல் இல்லை. எனக்கு இதுதான் ஆற்றாமை.

வடமராட்சியான்:
உண்மைதான், 1 மட்டும்தான். அந்த இருவரில் ஒருவரைத் தெரிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதுவும் ஒரு முடிவு, தம்பி.

கொழுந்துக்கூடை:
நானும் 1 மட்டுமே. சஜித்துக்கு 2 எழுதப் பென்சிலை வைத்தேன். கட்சியை உடைத்துக்கொண்டு போனவர் என்ற கோபம், எடுத்துவிட்டேன். தம்பி சொன்னதை இப்போதுதான் மகளிடம் வாசித்துக் காட்டினேன். அடுத்த தேர்தலுக்கு இருந்தால், அவளோடு உட்கார்ந்து பேசி 2 எழுதுவேன். 1 மாறாது.