எட்டு போடும்போது அதே இடத்தில் கால் ஊன்றிவிடுகிறேன், என்ன தப்பு?

வைகைக்கரை:
பத்து வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, அவருடைய 125 சிசி பைக் சும்மாதான் நிற்கிறது. சரி, கியர் வண்டியையும் சேர்த்துவிடலாம் என்று எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்து, 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போனேன். எட்டில் முதல் வளைவு நன்றாக வந்தது. நடுவில் கொஞ்சம் வேகம் கூடியது, பிரேக் பிடித்தேன், அப்படியே சாய்ந்து கால் ஊன்றிவிட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நாலு நாளாக மைதானத்தில் போட்டுப் பார்க்கிறேன், அதே இடம், அதே கதை. கோளாறு வண்டியிலா, என்னிடமா?

எட்டுப்புலி:
ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள் அக்கா. ஆக்சிலரேட்டரைத் தொடாமலே முதல் கியரில் உருண்டு போகும். நான் அப்படித்தான் பாஸ்.

பழைய பட்டறை:
தம்பி சொல்வது டெஸ்ட் அன்றைக்கு மட்டும் உதவும். அம்மா, பிரேக் பிடித்தேன் என்கிறீர்களே, எந்தக் கையால்? அப்போது எஞ்சின் நின்றுவிடுகிறதா?

வைகைக்கரை:
இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இடது கைதான் அண்ணா! எஞ்சின் நிற்கவில்லை.

பழைய பட்டறை:
நினைத்தேன். ஸ்கூட்டரில் இடது கைப்பிடி பின் பிரேக், பைக்கில் அது கிளட்ச். பதறியதும் கை பழைய வேலையைச் செய்கிறது. கிளட்ச்சை முழுதாகப் பிடித்தால் சக்கரத்துக்கு இழுவை போய்விடும். மெதுவாகப் போகும் வண்டியை வளைவில் நிமிர்த்தி வைப்பதே அந்த இழுவைதான். அது போனால் சாயாமல் என்ன செய்யும்?

எட்டை இரண்டு நாள் விடுங்கள். நேர்கோட்டில், நடக்கிற வேகத்தில், கிளட்ச்சைப் பாதி மட்டும் விட்டு ஓட்டுங்கள். வேகத்தைக் குறைக்க வலது கால் பிரேக் மட்டும், பூப்போல. 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் சிபிஎஸ் என்ற இணைப்பு பிரேக் இருக்கும். காலால் மிதித்தாலே முன் சக்கரத்திலும் கொஞ்சம் பிடிக்கும், அதனால் அழுத்தி மிதிக்காதீர்கள். வளைவில் முன் டயரைப் பார்க்காமல் அடுத்துத் திரும்ப வேண்டிய இடத்தைப் பாருங்கள். கிளட்ச் லிவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் லூஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எட்டுப்புலி:
முன் பிரேக் பக்கமே போகாதீர்கள் அக்கா, தூக்கி எறிந்துவிடும்.

நான்குவழிச்சாலை:
இதைப் படித்துவிட்டு ரோட்டுக்குப் போனால் ஆபத்து. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் தொடக்கூடாது, அவ்வளவுதான். நேராகப் போகும்போது வண்டியை நிறுத்துவதே பெரும்பாலும் அதுதான். பிரேக் பிடித்ததும் பாரம் பெரும்பாலும் முன்னால் வந்துவிடும், பின் டயருக்குப் பிடிப்பு குறையும். காலை மட்டும் நம்பினால் பின் சக்கரம் லாக் ஆகி வழுக்கும். முன் லிவரை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எட்டு பாஸ் செய்த எத்தனையோ பேருக்கு இது தெரியாது. அந்த டெஸ்ட்டில் இதைக் கேட்பதும் இல்லை என்பது என் வருத்தம். மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்துப் பழகுங்கள். ஹெல்மெட்டை வாரோடு மாட்டிக்கொண்டு.

வைகைக்கரை:
மறு டெஸ்ட் எப்போது கிடைக்கும்?

நான்குவழிச்சாலை:
7 நாள் கழித்துப் போகலாம். மூன்று முறை தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும், அவசரமே இல்லை.

வைகைக்கரை:
12 நாள் கழித்து எழுதுகிறேன். இன்று காலை எட்டு முடிந்தது, கால் ஊன்றவில்லை. சைகை காட்டும்போதுதான் கை நடுங்கியது, அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன் பிரேக் இன்னும் 30 வேகத்துக்கு மேல் பயமாக இருக்கிறது. இன்னொன்று அண்ணா: நேற்று ஸ்கூட்டரில் கடைக்குப் போனேன், நிறுத்த வலது காலால் பலகையை மிதித்துக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன மருந்து?

பழைய பட்டறை:
கிளம்பும் முன் ஒருமுறை இரண்டு கை லிவரையும் பிடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். ஒரு மாதத்தில் கை தானாகப் பிரித்துக்கொள்ளும்.