இல்லத்துக்கு நல்ல மனதோடு வருகிறவர்களும் பிள்ளைகளின் பாதுகாப்பும்: பார்த்ததை எழுதுங்கள்

ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை என்றாலே அங்கே யாராவது ஒரு வெளியாளுக்குப் பிறந்த நாள். கேக், பிரியாணி, பலூன், அப்புறம் ஃபோட்டோ. நான் பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சலிங் செய்பவராக) இருந்தேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் நல்ல மனதோடுதான் வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல மனதுக்காக விதியைத் தளர்த்தினால், கெட்ட எண்ணத்தோடு வருகிறவனும் அதே வாசல் வழியாகத்தான் வருவான், அவன் கையிலும் பிரியாணிதான் இருக்கும்.

ஒருவர் மாதா மாதம் அரிசி மூட்டையும் மளிகையும் இறக்குவார். பெரிய மனிதர், பேச்சும் தன்மையாக இருக்கும். கொஞ்ச நாளில் ஒரு பிள்ளையை மட்டும் பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். அவளுக்கு மட்டும் தனியாக ஒரு சுடிதார் வந்தது, அடுத்த முறை ஒரு வாட்ச். பரீட்சை லீவு வந்ததும், "பாப்பாவை ரெண்டு நாள் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், என் மனைவி ஆசைப்படுறாங்க" என்று கேட்டார். மேலாளர் சரி என்று சொல்லிவிடுகிற நிலையில்தான் இருந்தார், அரிசி அவர் கையில் இருக்கிறதே. பிள்ளைகளோடு இருந்து பார்த்துக்கொள்கிற எங்கள் இல்லத் தாய்தான் குறுக்கே வந்தார். "அய்யா, பிள்ளையை வெளியே அனுப்புறது எங்க கையில இல்லை. அரசு அமைச்ச குழந்தைகள் நலக் குழு எழுத்துல கொடுத்தாத்தான் அனுப்ப முடியும்." அவருக்குக் கோபம் வந்துவிட்டது, என்னைச் சந்தேகப்படுறீங்களா என்றார். "யாரையும் சந்தேகப்படலைங்க, கலெக்டரே வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்" என்று அந்த அம்மா அமைதியாகச் சொன்னார். அவர் அதன் பிறகு வரவில்லை, அரிசியும் நின்றது. அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆளை எடைபோட்டுப் பார்த்து அனுப்புகிற வேலையே அங்கே இருக்கக்கூடாது.

இன்னொன்று, யாரும் பேசாதது. விருந்தாளிகள் வரும் நாளில் பணியாளர்கள் எல்லோரும் பந்தி பரிமாறச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவார்கள். பதிவேட்டில் எல்லோரும் பணியில் இருப்பார்கள், ஆனால் மாடியிலும் குளியலறைப் பக்கமும் ஒரு பெரியவர் கூட இருக்க மாட்டார். அந்த நேரத்தில்தான் வந்தவர்களில் ஒருவர், "பாப்பா, நீங்க தூங்குற ரூமைக் காட்டு" என்பார். ஆள் போதவில்லை என்று எப்போதும் புலம்புகிறோம், அது உண்மைதான், ஆனால் இருக்கிற ஆட்கள் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் இல்லத் தாய் மாடிப்படியில் எப்போதும் ஒருவரை உட்கார வைத்தார். இல்லத்தைச் சுற்றிக் காட்டுவது பணியாளர் வேலை, பிள்ளைகள் வேலை இல்லை என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஃபோட்டோ விஷயம். வந்தவர் ஒருவர் குரூப் ஃபோட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். அதில் ஒரு பிள்ளை பள்ளிச் சீருடையில், பேட்ஜில் பள்ளிப் பெயரோடு நின்றாள். சொந்த வீட்டாருக்குப் பயந்து எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட பிள்ளை அவள். சில நாளில் அவளுடைய உறவினர் பள்ளி வாசலில் வந்து நின்றார். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை வாசலிலேயே எழுதி மாட்டுங்கள்.

*

நான் எழுத வந்தது டே கேர் பற்றி. சென்னையில் வேலைக்குப் போகும் அம்மா நான். எங்கள் மையத்தில் கேமரா இருக்கிறது, ஃபோனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பார்த்தேன், ஆயாக்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடப் போய்விட்டார்கள், வேன் டிரைவர் உள்ளே வந்து ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் போய்க் கேட்டேன். "அவர் நம்ம பையன்தாங்க, பல வருஷமா இருக்கார்" என்பதுதான் பதில். பிறகு பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து போய்ப் பேசினோம். ஆயாக்கள் மாற்றி மாற்றிச் சாப்பிடுவது, டிரைவர் கேட்டைத் தாண்டி உள்ளே வராமல் இருப்பது, இந்த இரண்டும் அன்றைக்கே நடைமுறைக்கு வந்தது. கேமரா எனக்குக் காட்டியதே தவிர அறைக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கவில்லை, அதற்கு ஆள்தான் வேண்டும்.

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்பதையும் அதில் சேர்த்தார்கள். அந்த நான்கையும் பயன்படுத்துங்கள், சொல்லாமல் போங்கள்.

*

பிள்ளைகள் மட்டும் இல்லை. மனநலம் குன்றியவர்களுக்கான இல்லத்தில் இரவுப் பணி பார்க்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்கிறது. சரி, சங்கிலி போய்விட்டது, பூட்டு? நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பெண்கள் வார்டுச் சாவி வாட்ச்மேனிடம் இருந்தது, அவர் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனால் சாவியும் போகும். வெளியே வர வழியில்லை, அவர் உள்ளே போனாலும் கேட்க ஆளில்லை. இப்போது சாவி வார்டுக்குள் தூங்காமல் இருக்கும் பெண் பணியாளரிடம்தான். இதற்கு ஒரு பைசா செலவாகவில்லை.

*

நான் ஆசிரியை. ஒரு பிள்ளை என்னிடம் வந்து ஏதாவது சொன்னால் முதலில் யாரிடம் போவது? தலைமையாசிரியரிடமா?

*

(முதலில் எழுதியவர்) டீச்சர், அவரிடம் சொல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பிரிவு 19-இன்படி, குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரியவந்த யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை, தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம். "முதலில் நாங்கள் உள்ளுக்குள் விசாரித்துப் பார்க்கிறோம்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்த விசாரணையில் பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்தி நாலு முறை சொல்ல வைப்பார்கள், கடைசியில் அவள் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடுவாள். நீங்கள் துருவிக் கேட்க வேண்டாம். அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள். வாக்குமூலம் வாங்க வரும் காவலர் சீருடையில் வரக்கூடாது, அவள் இருக்கும் இடத்துக்கோ அவள் விரும்பும் இடத்துக்கோ வந்துதான் கேட்க வேண்டும், அவள் நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னால் பயம் கொஞ்சம் குறையும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். யாரிடம், எதற்காகச் சொல்லப் போகிறீர்கள் என்பதை ஃபோனை எடுப்பதற்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள்.