விந்தணு படித்தவன் பயோமெட்டீரியல் பக்கம் போகலாமா?

மதுரை_விலங்கியல்
எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டேன். புராஜெக்ட் எலி விந்தணுவின் நகர்ச்சை பற்றியது, ஆறு மாதம் மைக்ரோஸ்கோப்பும் நானும்தான். இப்போது பிஎச்.டி.க்கு ஓர் இடம் அமையும் போலிருக்கிறது, ஆனால் அது பயோமெட்டீரியல் லேப். உடம்புக்குள் வைக்கும் பாலிமர்களின் மேற்பரப்பில் புரதம் எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம்" என்கிறார் பழைய பேராசிரியர். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்து உருப்பட்டவர் யாராவது உண்டா?

பழைய_ஸ்லைடு
ஒருவர் இருக்கிறார் தம்பி, ஆனால் எதிர்த்திசையிலிருந்து வந்தவர். சுஜாய் குமார் குஹா. காரக்பூர் ஐஐடியில் படித்தது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், பிஎச்.டி. அமெரிக்காவில், அப்புறம் டெல்லி ஐஐடியில் பேராசிரியர். 1970களில் அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது குடிதண்ணீர்: குழாயின் உள்சுவரில் ஸ்டைரீன் மாலிக் அன்ஹைட்ரைடு என்ற பாலிமரைப் பூசினால் ஓடுகிற தண்ணீரில் உள்ள பாக்டீரியா சாகுமா என்று பார்த்தார். அதையே விந்துநாளத்தில் பூசினால் என்ன என்று அடுத்து யோசித்தார். அதுவும் குழாய்தானே! 1979இல் அதைப் பற்றிய கட்டுரை வந்துவிட்டது. பேராசிரியரான பிறகு எம்பிபிஎஸ் வேறு படித்தார்.

ஆண்களுக்கான அந்தக் கருத்தடை ஊசிக்கு ரிசக் என்று பெயர். பாலிமரை டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து நாளத்துக்குள் ஊசியால் ஏற்றுவார்கள், உள்ளே ஈரம் பட்டதும் அது படிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பரப்பில் மின்னேற்றம் உண்டாகி, உரசிப் போகிற விந்தணுவின் சவ்வு சிதையும், தலையில் உள்ள அக்ரோசோமும் (முட்டைக்குள் நுழைய உதவும் நொதிப் பை) கெட்டுப்போகும். வாசெக்டமி போல நாளத்தை வெட்டிக் கட்டுவதில்லை. 303 ஆண்களிடம் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனை 2023இல் வெளியானது, கர்ப்பத் தடுப்பு 99.02 சதவீதம். நீங்கள் போகப்போகிற லேபின் கேள்வியும் இதுதான்: உடம்பின் திரவம் ஓர் அந்நியப் பரப்பைத் தொட்டால் என்ன ஆகும்?

உப்புக்கரைசல்
நல்ல கதைதான். ஆனால் 1979க்கும் 2023க்கும் நடுவில் 44 வருஷம், அதையும் சொல்லுங்கள். குஹா துறை தாண்டியபோது கையில் பேராசிரியர் வேலை இருந்தது, இந்தத் தம்பிக்கு ஃபெல்லோஷிப் ஐந்து வருஷம். இன்னொன்று, ரிசக் என்பதன் முதல் ஆங்கில எழுத்தே 'மீளக்கூடிய' (ரிவர்சிபிள்) என்பதற்காகத்தான். விலங்குகளில் கரைசல் செலுத்திப் பாலிமரைக் கழுவி எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், அந்த 303 பேரிடம் அதைச் சோதிக்கவில்லை. பரப்பு வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் மனித உடம்பு கடைசி வரை இழுத்தடிக்கும்.

போவதென்றால் இனப்பெருக்க உயிரியல் தெரிந்த ஒருவரை இணை கைடாகக் கேட்டு, எழுத்திலேயே வாங்கிவிடுங்கள். நான் வாய்ப்பேச்சை நம்பிப் போய் இரண்டு வருஷம் ஒரு மெஷினுக்குக் காவல் இருந்தேன்.

செம்புக்கம்பி
குஹா வரைக்கும் போவானேன், காப்பர் டி இருக்கிறதே. அரசு ஆஸ்பத்திரியில் வைக்கிற 380ஏ என்ற பெயரில் உள்ள 380 என்ன என்று நினைக்கிறீர்கள்? வெளியே தெரிகிற செம்பின் பரப்பளவு, சதுர மில்லிமீட்டரில். வெறும் பிளாஸ்டிக் டி வைத்தபோது நிறையப் பேருக்குக் கர்ப்பம் தரித்தது. சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர் செம்பைக் கொண்டுவந்து, அமெரிக்க மருத்துவர் டேட்டமின் டி வடிவத்தோடு அது சேர்ந்த பிறகுதான் கதை மாறியது. கரைந்து வரும் செம்பு அயனி விந்தணுவை முடக்குகிறது. இதைக் கர்ப்பத்தடை என்று ஒரு அலமாரியிலும் மேற்பரப்பு என்று இன்னொரு அலமாரியிலும் அடுக்கி வைத்தது நாம்தான்.

அது போகட்டும், உங்கள் புராஜெக்டில் விந்தணு கண்ணாடி ஸ்லைடில் தலையை ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டியிருக்குமே, அப்போது என்ன செய்தீர்கள்?

மதுரை_விலங்கியல்
ஆல்புமின் என்ற புரதத்தைச் சேர்த்தோம் அக்கா, ஒட்டுவது குறைந்துவிடும் என்று சீனியர் சொன்னார், ஏன் குறைகிறது என்று நான் கேட்கவே இல்லை. அப்படியும் ஒட்டியதைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டேன். நோட்டுப் புத்தகத்தில் 'ஒட்டியவை, நீக்கம்' என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. புரதம் முதலில் போய்க் கண்ணாடியில் உட்கார்ந்துகொள்வதால்தானே அது? திங்கட்கிழமை நோட்டோடு கைடைப் பார்க்கிறேன், இணை கைடு விஷயத்தையும் எழுத்தில் கேட்கிறேன்.