பழைய ட்ரெமோலோ கிட்டாரில் ஸ்ட்ரிங் பஸ்: உங்கள் அனுபவம் என்ன?

பல கை மாறி வந்த ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) பாணி எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆறு ஸ்க்ரூவில் நிற்கும் பழைய ட்ரெமோலோ பிரிட்ஜ், அதாவது கைப்பிடியை அசைத்தால் தானும் அசைந்து சுருதியை மாற்றும் வகை. பின்பக்க மூடி எந்தக் காலத்திலோ தொலைந்துபோயிருக்கிறது, அதனால் ஸ்ப்ரிங்கெல்லாம் வெட்டவெளியில். பெண்ட் செய்ய (ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்ற) சுலபமாக இருக்கட்டும் என்று 10-46 செட்டைக் கழற்றிவிட்டு அதைவிட மெல்லிய 9-42 போட்டேன் (எண்கள் மிக மெல்லிய, மிகத் தடித்த ஸ்ட்ரிங்கின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அன்றிலிருந்து ஆறாவது ஸ்ட்ரிங்கை எந்த ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அமுக்கினாலும் 'ஸ்ர்ர்' என்று ஓர் உரசல், அதுதான் பஸ். ஆம்பிலும் கேட்கிறது.

வாசித்துப் பார்த்த நண்பர் எடுத்த எடுப்பிலேயே ஃப்ரெட் லெவலிங் (ஃப்ரெட்டுகளை ராவிச் சமன் செய்வது) என்றார். இன்னொருவர் நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைத் திருகச் சொன்னார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. முந்தின நாள்வரை ஒழுங்காகப் பேசிய ஃப்ரெட் ஒரே ராத்திரியில் தேயாது. அதை ராவிவிட்டால் ராவியதுதான், திரும்ப வளராது. மாறியது ஸ்ட்ரிங் மட்டும் என்பதால் அங்கிருந்தே தொடங்கினேன்.

25.5 அங்குல ஸ்கேலில் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்), ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில், 10-46 செட் மொத்தமாகச் சுமார் 47 கிலோ இழுக்கும். 9-42 இழுப்பது 39 கிலோவுக்குள்தான். அசையாத பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் இந்த வித்தியாசம் நெக்கைத்தான் பாதிக்கும். ட்ரெமோலோவில் பிரிட்ஜும் சேர்ந்து நகர்கிறது. முன்னால் ஸ்ட்ரிங், பின்னால் ஸ்ப்ரிங், நடுவில் பிரிட்ஜ் என்று நடப்பது ஒரு கயிறிழுக்கும் போட்டி. ஸ்ட்ரிங் பக்கம் எட்டு கிலோ குறைந்ததும் ஸ்ப்ரிங் ஜெயித்துவிட்டது. பிரிட்ஜின் பின்விளிம்பு கீழே இறங்க, அதன்மேல் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடில்களும் கூடவே இறங்கி, ஸ்ட்ரிங் ஃப்ரெட்டை உரசத் தொடங்கியது.

கிட்டாரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். இந்த வகை பிரிட்ஜை மிதக்கவிட்டால், பின்விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி வைப்பது வழக்கம். என்னுடையதில் ஒரு தாளைச் செருகப் பார்த்தேன், அதுகூடப் போகவில்லை.

மருந்து பின்பக்கத்தில் இருக்கிறது. ஸ்ப்ரிங்குகள் மாட்டியிருக்கும் கிளா என்ற உலோகத் தகட்டை மரத்தோடு பிடித்திருக்கும் இரண்டு நீள ஸ்க்ரூக்களையும் சம அளவில் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்தியதும் பிரிட்ஜ் எழும்பும், சுருதி இறங்கும். ட்யூன் செய்தால் பிரிட்ஜ் இன்னும் கொஞ்சம் எழும்பும். அதனால் அரைச் சுற்று, ட்யூனிங், அளவு, மறுபடி அரைச் சுற்று என்றுதான் போக முடியும். அவசரக்காரர்களுக்கு ட்ரெமோலோ சரிப்படாது என்பது என் கட்சி.

இடைவெளி வந்ததும் முக்கால்வாசி உரசல் போய்விட்டது. மிச்சமிருந்தது முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் மட்டும். அப்படி இருந்தால் நெக் மேல் சந்தேகப்படலாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, ஆறாவது ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அமுக்கி, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். பழைய 7.25 அங்குல ரேடியஸ் போர்டுக்கு (ரேடியஸ் என்பது ஃப்ரெட் பதித்த பலகையின் குறுக்கு வளைவு) 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. எனக்கு ஸ்ட்ரிங் ஃப்ரெட்டிலேயே படுத்திருந்தது. இழுவை குறைந்ததும் நெக் நிமிர்ந்துவிட்டது. ட்ரஸ் ராடை இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்தினால் போதும். ஆனால் பழைய கட்டமைப்பில் அதன் நட் பாடிக்குள் ஒளிந்திருக்கும் முனையில் இருக்கிறது. ஸ்ட்ரிங்கை இறக்கி, நெக்கைக் கழற்றி, கால் சுற்று திருகி, மாட்டி, ட்யூன் செய்து அளக்க வேண்டும். அளவு ஒத்துவரவில்லையா, மறுபடி கழற்ற வேண்டும். பொறுமைக்கு வேறு பரீட்சையே தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்றாவது ஸ்ட்ரிங்கில் மட்டும் ஒரு கிணுகிணுப்பு. ஓப்பனில் வரும், சில ஃப்ரெட்டில் வரும், சிலதில் வராது. ஸ்ட்ரிங்கைத் தட்டிவிட்டு ஒவ்வொரு பாகமாக விரல்நுனியால் தொட்டுக்கொண்டே வந்தேன். சேடிலைத் தொட்டதும் சத்தம் நின்றது. அதன் இரண்டு உயர ஸ்க்ரூக்களில் ஒன்று தகட்டைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சேடில்களில் இந்த ஸ்க்ரூ 0.05 அங்குல ஆலன் கீ கேட்கும், 1.5 மி.மீ. நுழையாது. துரு இருந்தால் முந்தின இரவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

உங்களுக்கு எங்கே சிக்கியது?

* * *

நம்ம கேஸ் வேற ப்ரோ. என்கிட்ட இருக்கிறது ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் டைப் கிட்டார். 1958ல வந்த டிசைன். அப்போ தடிமனான ஸ்ட்ரிங் போட்டுத்தான் வாசிப்பாங்க. இப்போ 9 செட்டை மாட்டிட்டு பஸ் ஆகுதுன்னா அது என்ன பண்ணும் பாவம்? ஸ்ட்ரிங் முனையை மாட்டுற டெயில்பீஸ் பிரிட்ஜுக்கு ரொம்பப் பின்னாடி இருக்கிறதால ஸ்ட்ரிங் சேடில் மேல அழுத்தமா உட்காராது. ஓங்கி அடிச்சா ஸ்ட்ரிங் பள்ளத்தை விட்டே தாவிடும், இல்லேன்னா பிரிட்ஜே கலகலங்கும்.

நெக் பாக்கெட்ல (பாடில நெக் உட்கார்ற குழி), பாடி நடுப்பக்கமா இருக்கிற ஓரத்தில ஒரு மெல்லிய ஷிம் (முட்டுக்கொடுக்கிற துண்டு) வச்சேன். நெக் லேசா பின்னாடி சாய்ஞ்சுது. அதுக்கேத்த மாதிரி பிரிட்ஜைத் தூக்கினதும் ஸ்ட்ரிங் பின்னாடி மடங்குற கோணம் கூடிடுச்சு. கூடவே 11 செட், சேடில் ஸ்க்ரூல துளி த்ரெட்லாக்கர் (ஸ்க்ரூ தானா கழலாம பிடிக்கிற பசை). இப்போ தைரியமா அடிக்கலாம்.

* * *

ஃப்ரெட்டைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. ஒரு கார்டை பலமா அடிச்சிட்டு உடனே எல்லா ஸ்ட்ரிங்கையும் உள்ளங்கையால அமுக்குங்க. அதுக்கப்புறமும் பின்னாலிருந்து 'ஞொய்ங்'னு ஒரு வால் கேட்டா அது ஸ்ப்ரிங். ஸ்ப்ரிங்குக்கு அடியில ஒரு துண்டு ஃபோம் செருகினா அடங்கிடும்.

12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல தடி ஸ்ட்ரிங்ல மட்டும் சுருதி அலையுற மாதிரி ஒரு கோணல் சத்தம் வந்தா பிக்கப்பை (ஸ்ட்ரிங்குக்கு அடியில சத்தத்தைப் பிடிக்கிற காந்தப் பகுதி) இறக்கிப் பாருங்க. காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்குது. ஃப்ளாய்ட் ரோஸ் (ரெண்டு போஸ்ட்ல நிக்கிற ட்ரெமோலோ) வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு: ஸ்ட்ரிங் இறுக்கமா இருக்கும்போது அந்த ரெண்டு போஸ்ட்டையும் திருகாதீங்க. போஸ்ட்ல சாய்ஞ்சு நிக்கிற பிரிட்ஜோட கத்திமுனை மழுங்கினா ட்யூனிங்கும் போச்சு.

* * *

ஸ்ப்ரிங் சோதனைக்கு நன்றி. என்னுடையதிலும் அந்த வால் இருந்தது, ஃபோம் வைத்ததும் காணோம்.

தனிமடலில் ஒருவர், ட்ரெமோலோவே வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பிரிட்ஜின் அடிக்கட்டைக்கும் குழியின் சுவருக்கும் நடுவே அளவாக ஒரு மரத்துண்டைச் செருகி, ஸ்ப்ரிங்குகளை நன்றாக இறுக்கிவிடலாம். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்களில் இப்படி அடைத்துத்தான் வாசிப்பார். அதன்பிறகு எந்த செட் போட்டாலும் பிரிட்ஜ் அசையாது, நெக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

எனக்கு இன்னும் தீராதது ஒன்று உண்டு. முதல் ஸ்ட்ரிங்கை 15ஆம் ஃப்ரெட்டில் முழுசாக பெண்ட் செய்தால் சத்தம் சட்டென்று செத்துவிடுகிறது. போர்டின் வளைவு அதிகம் என்பதால் தள்ளும்போது ஸ்ட்ரிங் நடு ஃப்ரெட்டுகளின் மேட்டில் முட்டுகிறது. முதல் இரண்டு சேடிலையும் கொஞ்சம் தூக்கியதில் அரைச் சுர பெண்ட் தப்பித்தது. முழுச் சுரத்துக்கு இன்னும் தூக்கினால் கீழ் ஃப்ரெட்டுகளில் விரல் வலிக்கிறது. 7.25 ரேடியஸில் இதைச் சமாளித்தவர்கள் 17ஆம் ஃப்ரெட்டில் முதல் ஸ்ட்ரிங்கின் உயரம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். என்னுடையது இப்போது 2 மி.மீ.