தரங்கம்பாடி மியூசியத்துல ஊர் வரலாறு பேச்சு, எதுல ஆரம்பிக்கலாம்?

கேள்வி: டேனிஷ் கோட்டை மியூசியத்துல மாசம் ஒரு தடவை நம்ம ஊர் வரலாறு பத்தி பேச்சு வைக்கணும்னு நாங்க சில பேரு ஆசைப்படுறோம், முதல் பேச்சுக்கு எதை எடுக்கலாம் சொல்லுங்க?

பதில்: 1620ல தஞ்சாவூர் ராஜா ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரங்களோட போட்ட ஒப்பந்தம்தான் தம்பி, கோட்டையே அதுல வந்ததுதானே. 1845ல பிரிட்டிஷ்காரங்களுக்கு வித்தாங்க.

பதில்: அண்ணே, அதுக்கும் முன்னாடி மாசிலாமணிநாதர் கோயில் இருக்கு, குலசேகர பாண்டியன் காலத்துது, முன்பக்கத்தை கடல் கொண்டுபோயிடுச்சு, அதைத்தான் மொதல்ல பேசணும். மீனவ பெரியவங்களை கண்டிப்பா கூப்பிடுங்க, கடல் எவ்ளோ உள்ள வந்திருக்குனு அவங்களுக்குத்தான் தெரியும், 2004 சுனாமியையும் அவங்க வாயால கேக்கணும்.

பதில்: 1706ல ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கினது, அவரோட அச்சுக்கூடம் எல்லாம் ரெண்டாவது பேச்சுக்கு வைங்க. சாயந்திரமா இருந்தா ஸ்கூல் பசங்களும் வருவாங்க.