பழைய சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும்) மரம் செதுக்கும் கார்விங் மெஷின் வாங்கியவர்கள்: கண்ணில் பட்ட பழுதை எழுதுங்கள்

கதவுப்பட்டறை:
நாலுக்கு எட்டு அடி பெட், 3 கிலோவாட் வாட்டர் கூல் ஸ்பிண்டில் (பிட்டைச் சுற்றும் மோட்டார்). எக்ஸ், ஒய் ரெண்டும் ரேக் (பல் வெட்டிய நீளப் பட்டை), மேலும் கீழும் போகிற இசட் பால் ஸ்க்ரூ, கையில் பிடிக்கிற டிஎஸ்பி கன்ட்ரோலர். "மோட்டார் ஸ்டெப் விடுது, அதான் விலையைக் குறைச்சிருக்கேன்" என்றார் விற்பவர். அதாவது அனுப்பிய பல்ஸில் சிலவற்றுக்கு மோட்டார் நகராமல் விட்டுவிடுகிறதாம். 1000 மி.மீ போகச் சொன்னால் டேப்பில் 1061. திரும்ப ஜீரோவுக்குக் கூப்பிட்டால் பென்சில் கோட்டின் மேலேயே வந்து நிற்கிறது! ஸ்டெப் விடுகிற மோட்டார் அப்படித் திரும்பி வராது. ஸ்டெப் விட்டால் தூரம் குறையும், அதிகமாகாது.

கேன்ட்ரிக்கு (பெட்டுக்குக் குறுக்கே ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் பாலம்) அடியில் டார்ச் அடித்தால் விஷயம் தெரிந்துவிடும். ரேக் 1.25 மாட்யூல் (பல்லின் அளவு), ஆனால் சாய்ந்த பல். நேர்ப்பல் ரேக்கில் ஒரு பல்லுக்கு 3.927 மி.மீ. சாய்பல்லில் அதே மாட்யூலுக்கு 4.167. ரேக்கில் ஓடும் பல் சக்கரமான பினியன் 20 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 78.54 இருக்க வேண்டிய இடத்தில் 83.33. டிரைவ் (மோட்டாரை ஓட்டும் பெட்டி) சுற்றுக்கு 1600 பல்ஸ், ரிடக்‌ஷன் 1:5, ஆக பினியன் ஒரு சுற்றுக்கு மொத்தம் 8000 பல்ஸ். நேர்ப்பல் கணக்கில் மி.மீ-க்கு 101.86, சாய்பல் கணக்கில் 96. யாரோ பேக்டரி ரீசெட் போட்டுவிட்டு நேர்ப்பல் கணக்கை ஏற்றியிருக்கிறார்கள். 96 போட்டதும் 1000-க்கு 1000. மோட்டார், டிரைவ் எதிலும் கை வைக்கவில்லை.

ஸ்பிண்டில்மேன்:
கணக்கு அருமை சார். ஆனா ரேக், டிரைவ் எல்லாம் கடையில் வாங்கிப் போட்டுக்கலாம். பழைய மெஷினில் பணத்தைத் தின்பது ஸ்பிண்டில்தான். வெறும் காற்றில் ஓட்டிக் காட்டினால் எந்த ஸ்பிண்டிலும் நல்லாத்தான் ஓடும்.

ஒரு 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் சத்தமே இல்லாமல் சுற்றியது. நிறுத்திவிட்டு காலெட் (பிட்டைப் பிடிக்கும் வளையம்) நட்டைக் கழற்றினால் உள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு விரலில் இறங்கியது. தண்ணீர் போகும் பாதையில் ஓ-ரிங் போய்விட்டது, முன் பேரிங்கில் துரு. அந்தச் சொட்டு காய்லுக்கும் போயிருக்கும்.

பார்க்க வேண்டியது இதுதான். விஎஃப்டியிலிருந்து (ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் பெட்டி) ஸ்பிண்டிலுக்கு வரும் மூன்று வயரையும் கழற்றுங்கள். 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வயருக்கும் பாடிக்கும் நடுவே அளந்தால் 1 மெகா ஓமுக்குக் கீழே இருக்கவே கூடாது. நல்ல ஸ்பிண்டில் நூறு மெகா ஓமுக்கு மேலேயே காட்டும். அரை மணி நேரம் ஓட்டி, சூடான பிறகு இன்னொரு தடவை அளக்கணும், ஏன்னா சூட்டில் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் குறையும். யு-வி, வி-டபிள்யு, டபிள்யு-யு மூன்று ஜோடி ரெசிஸ்டன்ஸும் ஒன்றாக இருக்கணும். அடுத்து ரன்-அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்): காலெட் உட்காரும் டேப்பருக்குள் டயல் வைத்தால் 0.01 மி.மீ-க்குள். காலெட்டில் நல்ல ராட் மாட்டி ஊசியை ராடில் வைத்தால் 0.03 வரை பரவாயில்லை. ராடில் மட்டும் ஆடினால் காலெட் தேய்ந்தது, சின்னச் செலவோடு போச்சு. டேப்பரே ஆடினால் விலையை அங்கேயே பேசுங்கள்.

பேரிங் மாற்றித்தான் ஆகணும் என்றால் 7005 பி4 (7005 அளவு, பி4 துல்லியம்) ஜோடியாக வாங்கணும். தனித்தனியா வாங்கிச் சேர்த்தா ப்ரீலோட் (பேரிங்கின் இறுக்கம்) நிற்காது. வெளி ரேஸில் இருக்கும் வி-குறி ரெண்டுக்கும் சேர வேண்டும். சுத்தியல் வேண்டாம், ப்ரெஸ்ஸில் இறக்குங்க. கிரீஸ் உள்ளே இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். நிறைத்து அடைத்தால் பத்து நிமிஷத்தில் முன் மூக்கில் கை வைக்க முடியாது. போட்ட பிறகு 8000, 12000, 18000, 24000 என்று அரை மணி அரை மணியாக ஏற்றணும்.

நாகர்கோவில்_தச்சு:
ஸ்பிண்டில் ரேக் எல்லாம் அப்புறம் மக்கா. லாரியிலிருந்து இறக்கும்போது ஜேசிபிக்காரன் பெல்ட்டை கேன்ட்ரியில் சுத்திட்டான். தூக்கின உடனே "டங்"-னு ஒரு சத்தம். மெஷின் மொத்த எடையும் ஒய் பக்கத்து ரெண்டு எல்எம் பிளாக்கில் (ரெயிலில் ஓடும் குண்டு பேரிங்) தொங்கி, ஒரு பிளாக்கிலிருந்து குண்டு உதிர்ந்து மண்ணில் கிடந்தது. பெல்ட் பெட் ஃப்ரேமுக்கு அடியில்தான் போகணும். அதுக்கு முன்னாடி கேன்ட்ரியை நடுவுக்குக் கொண்டுவந்து, ரெண்டு பக்கமும் பெட்டோட இழுத்துக் கட்டணும். இசட்டை மேலேற்றி அடியில் மரக்கட்டை கொடுக்கணும்.

பேனல்போர்டு:
கதவுப்பட்டறை சொன்னதில் ஒன்று முழுசா சரியில்லை. ஸ்டெப் விட்டால் தூரம் குறையத்தான் செய்யும் என்று இல்லை. டிசெலரேஷன் (வேகம் குறைக்கும் விதம்) கடுமையாக வைத்திருந்தால் கேன்ட்ரி தன் எடையிலேயே தாண்டிப் போகும், அப்போது அதிகமாகத்தான் காட்டும். ஜீரோவுக்குத் திரும்பி வருகிறதா என்பதுதான் சோதனை.

ஸ்பிண்டில்மேன் மெகரைச் சொன்னார், விஎஃப்டியை விட்டுவிட்டார். பாதி ஸ்பிண்டில் எரிவது அங்கேதான். நான் எழுத வந்த மெஷினில் ஸ்பிண்டில் "ஸ்பீடு ஏறலை" என்று புகார். டிஸ்ப்ளேயில் 11520-க்கு மேல் போகாது. ஹுவான்யாங் விஎஃப்டி, அதில் பிடி 144 என்ற செட்டிங்கில் 1440 கிடந்தது. 50 ஹெர்ட்ஸுக்கு 1440 என்றால் 400 ஹெர்ட்ஸுக்கு எட்டு மடங்கு, 11520. ஸ்பிண்டில் நிஜத்தில் 24000-ல்தான் ஓடிக்கொண்டிருந்தது! அதில் 3000 போட்டால் டிஸ்ப்ளே சரியாகிவிடும், மோட்டார் வேகம் மாறாது. பிடி 143-ல் போல் எண்ணிக்கை 2 இருக்கிறதா பாருங்கள்.

இது சும்மா எண் குழப்பம். ஆபத்து பிடி 004 (பேஸ் ஹெர்ட்ஸ்), பிடி 005-ல் (உச்ச ஹெர்ட்ஸ்). ரெண்டும் 400 இருக்கணும். யாராவது ரீசெட் போட்டு 50 ஆகியிருந்தால், 50 ஹெர்ட்ஸிலேயே முழு 220 வோல்ட்டும் ஸ்பிண்டிலுக்குப் போகும். 400 ஹெர்ட்ஸ் ஸ்பிண்டிலுக்கு 50 ஹெர்ட்ஸில் 27 வோல்ட் சுமார்தான் போகணும். எட்டு மடங்கு வோல்ட் போனால் காய்ல் கருகும் வாசனை வர நிமிஷக் கணக்குதான். பிடி 142-ல் நேம் பிளேட் ஆம்பியர், பிடி 011-ல் (குறைந்தபட்ச ஹெர்ட்ஸ்) 120. விற்பவர் இடத்தில் ரன் பட்டனை அழுத்தும் முன் இத்தனையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ஸ்பிண்டில் கனெக்டரில் நாலாவது பின். எர்த் என்று நினைப்பீர்கள், பல ஸ்பிண்டிலில் அது உள்ளே எதிலும் சேர்ந்திருக்காது. பின்னுக்கும் பாடிக்கும் மீட்டர் வைத்து பீப் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் பாடிக்குத் தனியாக எர்த் வயர் இழுக்கணும். தண்ணீர் ஓடுகிற ஸ்பிண்டில், மறந்துடாதீங்க.

கதவுப்பட்டறை:
தாண்டிப் போவதை ஒத்துக்கொள்கிறேன் சார். ஆனால் அப்படித் தாண்டினால் 500-க்கும் 1000-க்கும் ஒரே விகிதம் வராதே. இதில் 500-க்கு 530.5, 1000-க்கு 1061. விகிதம் மாறாமல் நின்றால் அது செட்டிங்.

பேனல்போர்டு:
அது சரி.

கள்ளக்குறிச்சி_3டி:
டேப்பில் சரியாக இருக்கும், செதுக்கும்போது கெடும் மெஷின் ஒன்று. தேக்குப் பலகையில் கஜலட்சுமி, 6 மி.மீ பால்நோஸ் (உருண்டை முனை பிட்), 10 சதவீத ஸ்டெப்ஓவர், அதாவது வரிக்கு வரி 0.6 மி.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூக்கின் ஓரத்தில் மட்டும் ரம்பப் பல் மாதிரி. ஒரு வரி இடப்பக்கம், அடுத்த வரி வலப்பக்கம். பிட் போகும்போது ஒரு இடம், வரும்போது ஒரு இடம். பேக்லாஷ் (பல்லுக்கு நடுவே உள்ள லூஸ்), வேறொன்றுமில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் வராது. கதவுக்காரர்கள் பலகையை எப்போதும் ஆரிஜின் (ஜீரோ) மூலையில்தான் கட்டுவார்கள். ரேக் அங்கேதான் தேயும். விற்பவர் பெட்டின் நடுவில் டயல் வைத்துக் காட்டினால் 0.02-தான் வரும். அதே டயலை ஆரிஜினிலிருந்து ஓர் அடி தூரத்தில் வையுங்கள். பிளஸ் பக்கம் 1 மி.மீ ஓட்டி டயலை ஜீரோ செய்து, மைனஸ் பக்கம் 0.01, 0.01-ஆக ஜாக் செய்யணும் (பட்டனால் நகர்த்தணும்). ஊசி நகர ஆரம்பிக்கும் வரை எத்தனை ஆச்சோ அதுதான் பேக்லாஷ். 0.1-க்கு மேல் போனால் முகம் செதுக்க உதவாது, எழுத்து, ஜாலி வெட்ட உதவும்.

முதலில் பினியனை மாற்றுங்கள், ரேக்கை விட அது வேகமாகத் தேயும். மோட்டார் பிளேட்டை லூஸ் செய்து பினியனை ரேக்கில் அழுத்தி, நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி விட்டு டைட் செய்யணும். இடைவெளியே விடாமல் அழுத்தினால் மோட்டார் முனகும், நிஜமாகவே ஸ்டெப் விடும். அப்படியும் தீராவிட்டால், ரேக் பெரும்பாலும் ஒரு மீட்டர் துண்டுகளாகத்தான் இருக்கும். தேய்ந்த துண்டைக் கடைசிக்கும், கடைசியில் இருந்த புதுசு மாதிரித் துண்டை ஆரிஜினுக்கும் மாற்றிப் போடலாம். துண்டு சேரும் இடத்தில் கண்ணை நம்பாதீர்கள். வேறொரு சின்ன ரேக் துண்டை, சாய்பல் ரேக் என்றால் எதிர்ச்சாய்வுத் துண்டை, கவிழ்த்து ரெண்டின் பல்லிலும் சேர்த்து கிளாம்ப் போட்ட பிறகுதான் போல்ட்டை முறுக்கணும். இல்லாவிட்டால் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் "டக்".

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்: ஒய்-க்கு ரெண்டு மோட்டார் இருக்கிற மெஷினில் கேன்ட்ரி கோணல் பாருங்கள். 3 மி.மீ பிட்டில் 1000-க்கு 2000 செவ்வகத்தின் நாலு மூலையில் துளை. ரெண்டு குறுக்களவும் 2236 வரணும். ரெண்டுக்கும் 2 மி.மீ வித்தியாசம் என்றால் கேன்ட்ரி மீட்டருக்கு 1.1 மி.மீ சாய்ந்திருக்கிறது. கதவுச் சட்டத்தில் அது கண்ணுக்கே தெரியும். மோட்டாரை ஆஃப் செய்து, ஒரு பக்கப் பினியனை விடுவித்து, அந்தப் பக்கத்தை மட்டும் தள்ளி மறுபடி பூட்டணும்.

எக்ஸ்பி_இன்னும்_ஓடுது:
மெஷினோட பழைய கம்ப்யூட்டரையும் விடாம வாங்கிடுங்க. ஒரு இடத்தில் மெஷின் பளபளன்னு இருந்தது, கம்ப்யூட்டரை மட்டும் "அது பழசு சார், நீங்க புதுசு வாங்கிக்கங்க"-ன்னு ஓரமா வெச்சிருந்தாங்க. சைடு மூடியைக் கழட்டினா பிசிஐ ஸ்லாட்டில் என்சி ஸ்டூடியோ (மெஷினை ஓட்டும் சாப்ட்வேர்) கார்டு உட்கார்ந்திருக்கு. அந்தக் கார்டு இல்லாம மெஷின் வெறும் இரும்பு. புது மதர்போர்டில் அந்த ஸ்லாட் பொதுவா வராது. மாக் 3 (அதுவும் அப்படி ஒரு சாப்ட்வேர்) பேரலல் போர்ட்டில் ஓடுற மெஷினா இருந்தா, அந்த டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. ஹார்டு டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுத்துட்டு, செட்டிங் பக்கம் எல்லாத்தையும் போட்டோ எடுங்க. டிரைவ் மேல இருக்கிற டிப் ஸ்விட்ச்சும் சேர்த்துத்தான்.

கதவுப்பட்டறை:
பேனல்போர்டு சார், ஒரு சந்தேகம். பெட்டின் இடது ஓரம் போனால் மட்டும் ஸ்பிண்டில் டிரிப் ஆகிறது. நடுவில் வந்தால் ஓடுகிறது. விஎஃப்டியா?

பேனல்போர்டு:
விஎஃப்டிக்கு இடது வலது தெரியாது. டிராக் செயினுக்குள் (கேபிளைச் சுமந்து மடங்கும் சங்கிலி) கேபிள் உள்ளே அறுந்திருக்கும், மேல் தோல் நல்லாவே இருக்கும். பவரை ஆஃப் செய்து விஎஃப்டியில் சார்ஜ் லைட் அணையும் வரை பொறுங்கள். ரெண்டு முனையிலும் கேபிளைக் கழற்றி, ஒவ்வொரு வயராக மீட்டரைப் பீப்பில் வைத்து கேன்ட்ரியையும் ஸ்பிண்டிலையும் கையால் ஓரம் வரை தள்ளுங்கள். எங்கே பீப் நிற்கிறதோ அந்த வயர். ஒட்டுப் போடாதீர்கள், செயினில் ஒட்டு மறுபடி அறும். டிராக் செயினுக்கென்று வரும் ஷீல்டு உள்ள வளையும் கேபிள் 4 கோர், 1.5 ஸ்கொயர் முழு நீளமாக மாற்றுங்கள். ஷீல்டை விஎஃப்டி பக்கம் எர்த்தில் கட்டுங்கள். டிரைவுக்குப் பவர் இருக்கும்போது ஸ்டெப்பர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள், அந்த நொடியே டிரைவ் போய்விடலாம்.